உருவப்படத்துக்குச் செல்லப்பிராணியைத் தயார்ப்படுத்துவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

வீட்டு விசேஷத்தில் எடுக்கும் குடும்பப் படத்தில் நாயும் பூனையும் மாடும் இடம்பெற வேண்டும் என்று விரும்புவோர் மதுரை வட்டாரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை இம்முறை வந்த கடிதங்கள் காட்டுகின்றன. பலரும் எந்தப் பின்னணி, எந்த அலங்காரம், எந்த நேரம் என்று கேட்டிருக்கிறார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் படத்தில் பிராணியின் முகம் எப்படி அமையும் என்பது, அந்த இடமும் ஓசையும் மனிதர்களும் அதற்கு எந்த அளவுக்குப் பழகியிருக்கின்றன என்பதைப் பொறுத்தே இருப்பதால், பதில்களில் பெரும்பகுதி பழக்குவதைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது.

கேள்வி: என் மாமனாருக்கு அடுத்த மாதம் மணிவிழா. ஸ்டுடியோவில் எடுக்கும் குடும்பப் படத்தில் எங்கள் ராஜபாளையம் நாய் தம் காலடியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொல்கிறார். இரண்டு வயதாகும் அந்த நாய் இதுவரை கால்நடை மருத்துவமனையைத் தவிர வேறு எங்கும் போனதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: உங்கள் மாமனாரின் விருப்பம் நடக்கக்கூடியதுதான், ஒரு மாத அவகாசமும் போதுமானது. ஆனால் பழக்கும் வேலையை அவரே செய்ய வேண்டும். ராஜபாளையம் நாய்கள் வீட்டில் ஒருவரைத் தலைவராக வரித்துக்கொண்டு, அறிமுகமில்லாதவரிடம் எளிதில் நெருங்காத இயல்புடையவை. ஸ்டுடியோவில் புதியவர் ஒருவர் கையை நீட்டி 'உட்கார்' என்று சொன்னால் அது உட்காராது, உறுமவும் கூடும்.

முதலில் வீட்டிலிருக்கும் பழைய ஜமுக்காளம் ஒன்றை நான்காக மடித்து முற்றத்தில் விரியுங்கள். நாய் தானாக அதன்மேல் கால் வைக்கும்போதெல்லாம், உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைப் பட்டாணி அளவில் மாமனார் கொடுக்கட்டும். சில நாட்களில் ஜமுக்காளத்தைக் கண்டதுமே அது போய் உட்காரத் தொடங்கும். அதன்பின் நாற்காலியைப் பக்கத்தில் போட்டு அவர் உட்காரட்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்து நிற்கட்டும். படப்பிடிப்பன்று அதே ஜமுக்காளத்தைத் துவைக்காமல் ஸ்டுடியோவுக்கு எடுத்துச் செல்லுங்கள். வீட்டின் வாசனை அதில் இருப்பது ஒரு நன்மை. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் நாயின் கால் வழுக்காமல் இருப்பது இன்னொரு நன்மை. கால் வழுக்கும் தரையில் நிற்கும் நாய் உடம்பு முழுவதையும் விறைத்துக்கொள்வதால், அந்த விறைப்பு முகத்திலும் தெரியும்.

இதற்கு இணையாக ஓசைப் பழக்கத்தையும் தொடங்குங்கள். கைபேசியில் ஷட்டர் ஓசையைக் குறைந்த அளவில் ஒலிக்கவிட்டு, அது முடிந்த மறுகணம் உணவு கொடுங்கள். ஓசை முதலில், உணவு பின்னால் என்ற வரிசை மாறக் கூடாது. ஓசையைக் கேட்டதுமே உணவை எதிர்பார்த்து எச்சில் ஊறும் விளைவை ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவ் தம் நாய்களிடம் கண்டதும் அந்த வரிசையால்தான். உணவைக் காட்டிக்கொண்டே ஓசை எழுப்பினால் நாய் உணவை மட்டும் கவனிக்கும், ஓசைக்கு எந்தப் பொருளும் ஏற்படாது. பிறகு ஓசையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஸ்டுடியோ விளக்குகள் மின்னேற்றம் பெறும்போது எழும் கீச்சொலியையும் மறந்துவிட வேண்டாம். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும்; நாயின் காதுக்கு அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான அதிர்வெண்ணும் எட்டும். நமக்கு அமைதியாகத் தெரியும் அறை நாய்க்கு அமைதியாக இராமல் போகலாம்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பாக, கூட்டமில்லாத வேளையில் அனுமதி கேட்டு நாயை ஸ்டுடியோவுக்கு ஒருமுறை அழைத்துச் சென்று, மோப்பம் பிடிக்கவிட்டு, படம் எதுவும் எடுக்காமல் திரும்பி வாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி நாள் கடந்துவிடவில்லை என்பதையும் அதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். படக்கலைஞரிடம் சில செய்திகளை முன்கூட்டியே சொல்ல வேண்டும்: நாயை நேருக்கு நேர் உற்றுப் பார்க்க வேண்டாம், அதன்மேல் குனிய வேண்டாம், மடக்கிய ரிஃப்ளெக்டரை (ஒளியைத் திருப்பிவிடும் தட்டு) அதன் அருகில் படக்கென்று விரிக்க வேண்டாம். நாயைக் கூப்பிடும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். குடும்பமே சேர்ந்து பெயர் சொல்லிக் கூவினால் அது எந்தப் பக்கமும் பார்க்காது.

பின்னணி நிறத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். வெண்ணிற நாய், வெண்பட்டு வேட்டி, வெள்ளைத் திரை மூன்றும் சேர்ந்தால் நாயின் உருவக்கோடு கரைந்து போகும். அடர் பச்சையோ கரும்சாம்பலோ ஆன திரை நாயின் உடலமைப்பை எடுத்துக்காட்டும். இன்னும் ஒரு செய்தி: தூய வெண்ணிற ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. பின்னால் நின்று கைதட்டினால் உங்கள் நாய் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் ஓசைப் பயிற்சியை விட்டுவிட்டுக் கையசைவுக்கு உணவு கொடுத்துப் பழக்குங்கள். அந்த வழியிலும் அது நன்றாகவே கற்றுக்கொள்ளும்.

கேள்வி: கேமராவை எடுத்தாலே எங்கள் நாய் கொட்டாவி விடுகிறது, மூக்கை நக்கிக்கொள்கிறது. தூக்கம் வருகிறதோ, பசிக்கிறதோ என்று நினைத்துச் சோறு வைத்தோம்; சாப்பிடவில்லை.
– வாசகர், மேலூர்

பதில்: அது தூக்கமும் இல்லை, பசியும் இல்லை, மனக்கலக்கம். உணவு இல்லாதபோது நாக்கால் மூக்கை நக்குதல், களைப்பில்லாமல் கொட்டாவி விடுதல், ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெண்பகுதி தெரியக் கடைக்கண்ணால் பார்த்தல், காதைப் பின்னுக்கு இழுத்தல் ஆகியவை 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்று நாய் தெரிவிக்கும் முறைகள். விருப்பமான உணவையும் அது மறுத்தால் கலக்கம் முற்றியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்த நிலையில் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துப் படமெடுப்போர் பலர் இருக்கிறார்கள். கிடைக்கும் படத்தில் அச்சம் மட்டுமே பதிவாகிறது, அடுத்த முறை கேமராவைக் கண்டவுடன் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது. கடிபடும் சம்பவங்களும் இப்படித்தான் நேர்கின்றன. உறுமலுக்கு முன்பே நாய் பலமுறை சொல்லியிருக்கும்.

உங்கள் நாய்க்குக் கேமராவே கலக்கத்தின் காரணம் என்பதால், அதைப் படமெடுக்காமல் கூடத்துத் தரையில் சில நாட்கள் வைத்துவிடுங்கள். நாய் தானாக வந்து மோந்து பார்க்கும்போது தின்பண்டம் கொடுங்கள். பிறகு கையில் எடுங்கள். பிறகு முகத்தருகே கொண்டு செல்லுங்கள். லென்ஸை நாயை நோக்கித் திருப்புவது கடைசியாக இருக்கட்டும். ஒரு படிக்கு நாய் இசைவாக இருந்த பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும். படமெடுக்கும் நாளிலும் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். நாய் இன்னும் உற்சாகமாக இருக்கும்போதே நிறுத்திவிட்டுச் சற்று உலவவிட்டு மீண்டும் தொடங்குவது நல்லது.

கேள்வி: படப்பிடிப்பன்று காலையில் எங்கள் பொமரேனியனைக் குளிப்பாட்டி, நாங்கள் பயன்படுத்தும் ஷாம்பு போட்டு, பவுடரும் சென்ட்டும் போட்டு அழைத்துச் செல்லலாமா? வெயிலாக இருப்பதால் முடியை ஒட்ட வெட்டிவிடலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்.
– வாசகி, பழங்காநத்தம்

பதில்: குளியலை அதே நாளில் வைக்க வேண்டாம். அடர்ந்த உள்முடி முழுவதும் காய வெகுநேரம் ஆகும். அரைகுறையாகக் காய்ந்த முடி படத்தில் திரிதிரியாகத் தெரியும், குளித்த களைப்பும் எரிச்சலும் நாயின் முகத்தில் இருக்கும். ஓரிரு நாள் முன்பு குளிப்பாட்டி, படப்பிடிப்பன்று சீப்பால் வாரிவிட்டு, ஈரத்துணியால் கண்ணோரத்துப் பீளையையும் வாயோரத்தையும் துடைத்தால் போதும். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலைத்தன்மை உடையது. ஆகவே நம் ஷாம்பு அதன் தோலை வறட்டி அரிப்பை உண்டாக்கலாம். நாய்களுக்கென்று விற்கும் ஷாம்புவை வாங்குங்கள். காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உண்ணிக்காகப் பிடரியில் சொட்டு மருந்து விடுவதாக இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளியலைத் தவிர்க்க வேண்டும். நாய்க்கான அந்த மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு என்பதால், வீட்டில் பூனையும் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பவுடரும் சென்ட்டும் வேண்டவே வேண்டாம். படத்தில் வாசனை தெரியப் போவதில்லை. மோப்பத்தால் உலகை அறியும் பிராணிக்கு அது பெருந்தொல்லை. முடியை ஒட்ட வெட்டுவதையும் கைவிடுங்கள். அடர்ந்த இரட்டை முடி உள்ள நாய்களுக்கு அந்த முடியே வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. மழித்த பிறகு பழையபடி வளராமல் போவதும் உண்டு. கண்ணை மறைக்கும் முடி, பாதத்தடியில் நீண்ட முடி ஆகியவற்றை மட்டும் ஒரு வாரம் முன்பாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் எடுத்து வளர்க்கும் கறுப்பு நாட்டு நாய் கைபேசிப் படத்தில் எப்போதும் கரிய உருண்டையாகத்தான் தெரிகிறது. கறுப்பு நாய்க்கு நல்ல படமே அமையாதா?
– வாசகர், செல்லூர்

பதில்: மிக அழகாக அமையும். உங்கள் வீட்டு வாசற்படிக்கு உள்ளே, வெளிச்சம் விழும் இடத்தில், முகம் தெருவை நோக்கி இருக்கும்படி அதை உட்கார வையுங்கள். நேரடி வெயில் வேண்டாம். வாசல் வழியாக வரும் மென்மையான ஒளி கறுப்பு முடியின் பளபளப்பையும் மடிப்பையும் வெளிக்கொண்டுவரும், கண்ணில் ஒளிப்புள்ளி ஒன்று விழும். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் கறுப்பு முகத்தில் கண் இருக்கும் இடமே தெரியாது. கைபேசித் திரையில் நாயின் கண்ணைத் தொட்டு ஃபோகஸ் செய்து, பின்னணியும் வெளிறிவிடாத அளவுக்கு வெளிச்சத்தைச் சற்று ஏற்றுங்கள். வெளிர்நீலம், பழைய காரைச் சுவர், மணல் நிறம் போன்ற நடுத்தரப் பின்னணி நல்லது. பளீரென்ற வெள்ளைச் சுவருக்கு முன் நிறுத்தினால் கேமரா சுவரைப் பார்த்து நாயை இன்னும் இருட்டாக்கிவிடும்.

நின்றுகொண்டு மேலிருந்து எடுக்காமல், நீங்களும் தரையில் உட்கார்ந்து அதன் கண் மட்டத்திலிருந்து எடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை நாயின் காதோரத்தையும் மீசை முடியையும் சேர்த்து அழித்துவிடுவது உண்டு. அதற்குப் பதிலாகச் சுவரிலிருந்து நாயைச் சில அடி முன்னால் உட்கார வைத்தாலே பின்னணி ஓரளவு விலகிப்போகும். ஃபிளாஷ் போட்டால் நாயின் விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளிபிரதிபலிக்கும் படலத்தால் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். முடி பளபளக்க எண்ணெய் தடவும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது; அது தூசியை ஒட்டவைக்கும், ஈரத்துணியால் ஒருமுறை நீவிவிடுவதே மேல். தெருவில் வளர்ந்த நாய்க்கு இப்படி ஒரு படம் எடுக்க நினைத்த உங்கள் அன்பு எனக்கு மிகவும் மகிழ்ச்சி அளிக்கிறது.

கேள்வி: எங்கள் பூனைக்குச் சின்னப் பட்டுப்பாவாடை தைத்திருக்கிறேன். கழுத்தில் மல்லிகைச் சரம் போட்டு ஸ்டுடியோவில் படமெடுக்க ஆசை. பாவாடையைக் கட்டினாலே விறைத்துப்போய்ப் பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது.
– வாசகி, சிம்மக்கல்

பதில்: உடுப்புக்குள் அடைபட்ட பூனைகள் பலவும் இப்படித்தான் அசைவற்றுப் போகும், அதை அடக்கமாக இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாவாடையை எடுத்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். மல்லிகைப் பூவால் பூனைக்கு நஞ்சேறுவதில்லை. ஆபத்து சரத்தைக் கட்டிய நாரிலும் நூலிலும் இருக்கிறது. பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் இருப்பதால், வாயில் சிக்கிய நூலை அதனால் எளிதில் துப்ப முடிவதில்லை, விழுங்கிக்கொண்டே போகும். அந்த நூல் குடலைச் சுருக்கி அறுத்து, அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். மதுரையில் பூ வாங்காத வீடு இல்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: படத்துக்கு மட்டுமல்ல, தலையிலிருந்து எடுத்துப் போடும் வாடிய சரத்தையும் பூனைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். மல்லிகை படத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால் உதிரிப்பூவை ஒரு பித்தளைத் தட்டில் பரப்பி அருகில் வையுங்கள்.

ஸ்டுடியோவையும் மறுபரிசீலனை செய்யுங்கள். நாய் தன் மனிதர் உடனிருந்தால் புதிய இடத்துக்கும் பழகிக்கொள்ளும். பூனையின் துணிவு அதன் இடத்தோடு கட்டுண்டது. கூடையில் அடைத்துப் புதிய அறைக்குக் கொண்டுபோனால் மூலையைத் தேடி ஒளிவதில்தான் அதன் முனைப்பெல்லாம் இருக்கும். படக்கலைஞரை வீட்டுக்கு வரவழையுங்கள். அவர் வந்ததும் கேமராவை எடுக்காமல், பூனையைக் கண்டுகொள்ளாமல், காபி குடித்துக்கொண்டு கால்மணி நேரம் பேசிக்கொண்டிருக்கட்டும். மாலைப் பொழுதில் பூனைகள் இயல்பாகவே விழிப்பாக இருக்கும் என்பதால், வெளிச்சம் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, அது வழக்கமாகப் படுக்கும் ஜன்னல் திண்டிலேயே படத்தை எடுக்கலாம். விளையாட்டுக்கு ஒரு குச்சியின் நுனியில் இறகு கட்டி லென்ஸுக்கு மேலே அசைத்தால் பார்வை நேராக வரும். வேலை முடிந்ததும் அந்தக் குச்சியையும் பத்திரப்படுத்துங்கள், அதிலும் நூல் இருக்கிறது. குப்பைமேனி வேரை முகரவைத்தால் பூனை நன்றாக விளையாடும் என்று சொல்வார்கள். ஆனால் அது தரையில் புரளத் தொடங்கிவிடும்; புரளும் பூனையை உருவப்படம் எடுக்க இயலாது.

கேள்வி: எங்கள் ஜல்லிக்கட்டுக் காளை புலிக்குளம் மாடு. பொங்கலுக்கு முன் தாத்தாவையும் காளையையும் சேர்த்துப் படம் எடுத்துப் பெரிதாக மாட்ட வேண்டும். பின்னால் வண்ணத் திரை கட்டி, கொம்புக்குப் பெயின்ட் அடித்து, திமிலைச் சிலுப்பும்படி சீண்டிவிட்டு எடுக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– வாசகர், பாலமேடு அருகே

பதில்: நண்பர்கள் சொன்ன மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய முழுவதையும் அது பார்க்கிறது. நேர் பின்புறமும் நெற்றிக்கு மிக அருகேயும் மட்டும் பார்வை எட்டாது. பக்கவாட்டில் காற்றில் படபடக்கும் துணி, தரையில் திடீரென விழும் நிழல், தண்ணீரில் மின்னும் வெளிச்சம் ஆகியவை அதை மிரளச் செய்யும். வண்ணத் திரை அந்தப் படபடப்பையே அதன் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து வைக்கிறது. சீண்டினால் திமில் சிலிர்க்கும் என்பது உண்மைதான். அப்படிச் சிலிர்த்த காளைக்கு அருகில் தாத்தா நிற்க வேண்டியிருக்கும் என்பதை நண்பர்கள் யோசிக்கவில்லை. கிடையில் சேர்ந்து மேய்ந்து பழகிய இனம் புலிக்குளம். தன்னைப் பராமரிப்பவரை நன்கு அறிந்து, வெளியாளை எளிதில் ஏற்காதது. ஆகவே யார் கையால் தினமும் தீவனம் உண்கிறதோ, அவரே அன்று பிடிகயிற்றை வைத்திருக்க வேண்டும்.

இடம் உங்கள் தொழுவத்து வாசலாகவே இருக்கட்டும். சாணியும் கூளமும் முதல்நாளே அகற்றப்பட்டு, பின்னால் தெரியும் பிளாஸ்டிக் வாளியும் இருசக்கர வண்டியும் அப்புறப்படுத்தப்பட்டால், அந்த மண்சுவரைவிடப் பொருத்தமான பின்னணி வேறில்லை. காளையைக் காலையில் குளிப்பாட்டி, வைக்கோலால் தேய்த்துக் காயவிட்டு, தீவனம் தின்று அசைபோடும் நேரத்தில் படமெடுங்கள். அசைபோடும் மாடு அமைதியாக இருக்கிறது. தாத்தா காளையின் கொம்பு வீச்சுக்கு எட்டாதபடி, முன்னால் நிற்காமல் தோளின் பக்கவாட்டில், கழுத்துக்கும் திமிலுக்கும் நடுவே கை வைத்து நிற்கட்டும். அவருக்குப் பின்னால் விலகிச் செல்ல வழி திறந்திருக்க வேண்டும். சுவருக்கும் மாட்டுக்கும் இடையில் அவரை நிறுத்தக் கூடாது. படக்கலைஞர் இருபது அடி தள்ளி நின்று தொலைவு லென்ஸால் எடுத்தால் காளையும் கலங்காது, உடலின் அளவு விகிதமும் சரியாக விழும். கைபேசியை மூஞ்சிக்கு அருகே கொண்டுபோய் எடுக்கும் படத்தில் மூக்கு பெருத்து, திமில் சிறுத்துப் போகும். திமிலே புலிக்குளத்தின் அழகு. ஃபிளாஷ் வேண்டாம். ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து கூட்டமாக நிற்பதையும் அந்த அரைமணி நேரத்துக்குத் தடுத்துவிடுங்கள்.

கொம்புக்கு நல்லெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாலே அதன் இயல்பான நிறமும் வரியும் பளிச்சென்று தெரியும். ஈயம் கலந்த எனாமல் பெயின்டை மாடுகள் ஒன்றையொன்று நக்கும்போது உட்கொண்டால் நஞ்சாகும். கழுத்துமணியும் சலங்கையும் வழக்கமாகக் கட்டுபவை என்றால் கட்டுங்கள். புதிதாக வாங்கி அன்றுதான் முதன்முதலில் கட்டுவது வேண்டாம். சிவப்புத் துண்டைக் கண்டால் காளை சீறும் என்ற அச்சமும் தேவையில்லை. மாட்டின் கண்ணுக்குச் சிவப்பு நமக்குத் தெரிவதுபோல் தெரிவதில்லை. அதைச் சீறவைப்பது துணியின் அசைவு. தாத்தா தமக்குப் பிடித்த துண்டையே தோளில் போட்டுக்கொள்ளலாம், நுனியை மட்டும் காற்றில் பறக்காதபடி மடித்துவிடுங்கள்.

கேள்வி: பதின்மூன்று வயதாகும் எங்கள் லேப்ரடாருக்கு மூட்டுவலி முற்றிவிட்டது. இனி அதிக நாள் இராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு நல்ல படம்கூட எங்களிடம் இல்லை. இந்த நிலையில் படமெடுப்பது அதைத் துன்புறுத்துவதாகுமா? கண்ணும் நீலம் பூத்தாற்போல் இருக்கிறது.
– வாசகி, கே.கே.நகர்

பதில்: துன்புறுத்துவதாகாது. ஆனால் அதை எழுப்பி நிறுத்தவோ, காரில் ஏற்றவோ வேண்டாம். அது படுத்திருக்கும் படுக்கையிலேயே, பக்கத்து ஜன்னல் கதவைத் திறந்துவைத்து எடுங்கள். படுக்கை விரிப்பை மட்டும் பூப்போடாத, ஒரே நிறமுள்ள பழைய புடவையாக மாற்றினால் நரைத்த முகம் தனித்துத் தெரியும். மருத்துவர் தந்துள்ள வலிமருந்து வேலை செய்யத் தொடங்கி நாய் சற்று இளகியிருக்கும் நேரம் எது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்; அந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கூடுதல் நிம்மதிக்காக வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் போன்ற மனித வலிமருந்துகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வயதான நாய்களின் கண்ணில் தெரியும் நீலச்சாம்பல் மங்கல் பெரும்பாலும் விழிவில்லை முதுமையால் இறுகுவதால் வருவது. பார்வை ஓரளவு நன்றாகவே இருக்கும். வெண்மையாகத் திரையிட்டிருந்தால் அது கண்புரை. எப்படியானாலும் ஒளி நேர் எதிரிலிருந்து வராமல் பக்கத்திலிருந்து வந்தால் மங்கல் குறைவாகத் தெரியும். நாயின் முகத்தைத் தனியாக எடுத்த பிறகு, உங்கள் வீட்டார் ஒவ்வொருவரும் அதன் அருகில் தரையில் உட்கார்ந்து, வழக்கமாக எப்படித் தடவிக்கொடுப்பீர்களோ அப்படித் தடவிக்கொண்டிருக்க, அதையும் எடுக்கச் சொல்லுங்கள். கேமராவைப் பார்க்க வேண்டாம், நாயைப் பாருங்கள். பிடரியில் வைத்த கை, நரைத்த மூக்கு, பாதம் ஆகியவற்றை நெருக்கமாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் முழு உருவப் படத்தைவிட அவற்றைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பீர்கள். நல்ல நாள் வரட்டும், மூத்த மகன் ஊரிலிருந்து வரட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து எங்கள் சிப்பிப்பாறை நாய்களை அரிட்டாபட்டி மலைப்பக்கமோ, கீழக்குயில்குடி தாமரைக் குளத்தருகேயோ அழைத்துச் சென்று, ஓடவிட்டுப் படமெடுக்க விரும்புகிறோம். எது நல்ல இடம்?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: அரிட்டாபட்டி வேண்டாம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குன்றுகளில் அரிய கழுகுகளும் வல்லூறுகளும் வாழ்கின்றன. சிப்பிப்பாறை வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம். கண்ணில் பட்ட முயலையோ மயிலையோ துரத்தத் தொடங்கினால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. கீழக்குயில்குடியில் குளத்தை ஒட்டி அய்யனார் கோயில் இருக்கிறது, மேலே பாதுகாக்கப்பட்ட சமணச் சின்னங்கள் இருக்கின்றன, வழிபட வருவோரும் குழந்தைகளும் நடமாடுகிறார்கள். அவிழ்த்துவிடப்பட்ட நாய்களுக்கு அது இடமன்று. உங்களுக்குத் தெரிந்தவரின் வேலியடைத்த தென்னந்தோப்போ, அறுவடை முடிந்த வயலோ போதும். யானைமலை பின்னால் தெரிய வேண்டும் என்றால் ஒத்தக்கடைப் பக்கத்து வயல்காரர் ஒருவரிடம் அனுமதி பெறுங்கள். அறுத்த தாளடி பாதத்தைக் குத்தும் என்பதால் வரப்பையும் வண்டிப்பாதையையும் தேர்ந்தெடுங்கள்.

ஓடும் நாயை உறையவைத்துப் பிடிக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகமாவது வேண்டும். வெயில் ஏறுவதற்குள், காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். கத்திரி வெயில் காலத்தில் இந்தத் திட்டமே வேண்டாம். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத சூடு என்றால் நாயின் பாதமும் வெந்துபோகும். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. இயல்பில் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் அதன் உடல் வெப்பம் ஓட்டத்தால் விரைவாக ஏறும். நாக்கு நீண்டு கருஞ்சிவப்பாகி, எச்சில் நூலாக வழிந்து, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பூட்டிய காரில் ஒரு நிமிடம்கூட விட்டுச் செல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் பச்சைக்கிளி நன்றாகப் பேசும். அதைக் கூண்டிலிருந்து எடுத்துத் தோளில் வைத்துப் படமெடுத்தால் பறந்துவிடாமல் இருக்க இறகை வெட்டலாமா?
– வாசகர், நத்தம்

பதில்: நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆகவே இறகை வெட்டாதீர்கள். படமெடுப்பதையும் விட்டுவிட்டு வனத்துறை அலுவலகத்தைத் தொடர்புகொண்டு கிளியை ஒப்படைக்க வழி கேளுங்கள். நெடுநாள் கூண்டில் இருந்த பறவை திடீரெனத் திறந்துவிட்டால் இரை தேடத் தெரியாமல் மடியும் என்பதால் நீங்களாகப் பறக்கவிட வேண்டாம். நட்சத்திர ஆமை வைத்திருப்போருக்கும் இதே பதில்.

கேள்வி: எங்கள் நாய் காரில் ஏறினாலே நடுங்குகிறது. அண்ணா நகரில் உள்ள ஸ்டுடியோவுக்கு ஒரு மணி நேரப் பயணம். மயக்கம் தரும் மாத்திரை கொடுத்து அழைத்துப் போகலாம் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். அளவு எவ்வளவு?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: அளவைச் சொல்ல மாட்டேன்; கால்நடை மருத்துவர் நேரில் பார்க்காமல் எந்த மயக்க மருந்தையும் கொடுக்கக் கூடாது. நாயின் எடை, இதயம், கல்லீரல், இனம் ஆகியவற்றைப் பொறுத்து அளவு மாறும். சில மருந்துகள் உடலை மட்டும் தளரவைத்து அச்சத்தை அப்படியே விட்டுவைக்கும். அசைய முடியாத நாய் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். கண் செருகி, கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாவது இமை பாதி மூடி, நாக்கு தொங்கும் முகத்தைப் படமெடுத்து வைத்து என்ன பயன்?

நிறுத்திய காரின் கதவைத் திறந்துவைத்து அதற்குள் உணவு வைப்பதிலிருந்து தொடங்குங்கள். ஏறி உட்காரப் பழகிய பின் இன்ஜினை இயக்கி நிறுத்துங்கள். பிறகு தெருமுனை வரை, பிறகு பேருந்து நிலையம் வரை என்று தூரத்தைக் கூட்டுங்கள். வாந்தி எடுக்கும் நாயாக இருந்தால் பயணத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடலாம், தண்ணீரை நிறுத்த வேண்டாம். பயணக் குமட்டலுக்கென்று தனி மருந்து இருக்கிறது, அதை மருத்துவர் எழுதித் தருவார். இத்தனைக்கும் நேரம் இல்லை என்றால் உசிலம்பட்டியிலேயே கல்யாணப் படம் எடுக்கும் கலைஞர் ஒருவரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வீட்டுத் திண்ணையில் மாலை நான்கரை மணி வெளிச்சமும், நாய்க்குத் தெரிந்த தரையும் இருந்தால் அவர் கொண்டுவரும் சாதாரணக் கேமராவே போதும்.